ஒரு கரண்டிப் பால்

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.
10.02.2024

அன்புள்ள யோகத்துக்கு,

கல்யாணம் முடித்த இத்தனை காலத்தில் நான் உமக்கு எழுதும் முதல் கடிதம் இது. நெடுந்தீவை விட்டு நான் எங்கே போனேன், உமக்குக் கடிதம் போடுவதற்கு? நலம் என்று தொடங்கினால் பொய்யாகும். உயிரோடு இருக்கிறேன், கதிரையில் நிமிர்ந்து இருக்கிறேன், வலது கை எழுதுகிறது. இப்போதைக்கு இவ்வளவும் உண்மை.

போனில் கதைக்கலாமே என்று நினைப்பீர். முந்தநாள் யசோதரா போனை என் காதில் வைத்தபோது நடந்தது மறந்துவிட்டதா? நான் சொன்ன ஒரு சொல்லும் உமக்கு விளங்கவில்லை. தொண்டையில் தண்ணீர் நின்று கொப்பளிப்பது போல என் குரல் வந்தது. நீர் அழத் தொடங்கினீர், நானும் அழுதேன், மகள் இரண்டு பேருக்கும் ஏசிப்போட்டுப் போனை வாங்கிவிட்டாள். கடிதமென்றால் அந்தக் கரைச்சல் இல்லை. மருமகன் இதைக் குறிகட்டுவான் துறைக்குப் போகிற பஸ்ஸில் கொடுத்துவிடுவார். படகில் வேலை செய்கிற தயாபரன் உம்மிடம் சேர்ப்பான்.

இங்குள்ள நிலைமையைச் சொல்கிறேன். மூளையின் வலது பக்கத்தில் இரத்தம் அடைத்ததால் இடது கையும் காலும் சோர்ந்தன. அவை மெல்ல மெல்லத் திரும்புகின்றன. நெஞ்சுக் காய்ச்சலும் விட்டுவிட்டது. ஆனால் விழுங்குவது மட்டும் என்னை விட்டுப் போய்விட்டது. சாப்பாடு என்று யசோதரா மூக்குக் குழாயில் ஏதோ கஞ்சித் தண்ணீரை ஊற்றுகிறாள். வயிறு நிரம்புகிறது, வாய்க்கு ஒன்றும் தெரியாது. அவள் குசினியில் மீன் குழம்பு வைக்கிற மணம் மட்டும் ஒழுங்காக வந்து சேர்கிறது. என் எச்சிலையே விழுங்க முடியாமல் பக்கத்தில் ஒரு பேணி வைத்துத் துப்புகிறேன். அடுத்த மாதத்துக்குள் மாற்றம் இல்லையென்றால் வயிற்றில் துளை போட்டு நிரந்தரமாகக் குழாய் வைக்க வேண்டி வருமாம். அப்படி வைத்தால் வாயால் ஒன்றும் எடுக்காமலே காலம் போய்விடலாம். அதற்கு முன் ஒரு வழியைப் பார்க்கலாம் என்று நிலாந்தினி என்றொரு டொக்டர் சொல்கிறா. தலைக்கு மேலே ஒரு கருவியைப் பிடித்து மூளையைத் தட்டி எழுப்புவதாம். வெட்டுவதும் இல்லை, ஊசி குத்துவதும் இல்லை.

இனி உமது விஷயம். நான் வார்ட்டில் கிடந்த முதல் நாள், “இவருக்கு வாயால பால் பருக்கினது ஆர்? நெஞ்சுக்குள்ள போயிருக்கு” என்று டொக்டர் கேட்டபோது நீர் என் கால்மாட்டில் நின்றீர். விடிந்து பார்த்தால் நீர் இல்லை. மாடுகளைப் பார்க்கப் போய்விட்டதாக மகள் சொன்னாள். இன்றைக்கும் மாடுதான் பார்க்கிறீரோ?

பதில் எழுதும்.

உமது,
குழந்தைவேலு


நெடுந்தீவு மேற்கு.
15.02.2024

யசோதராவின் அப்பாவுக்கு, யோகம் எழுதுவது.

உங்கள் கடிதத்தைத் தயாபரன் இறங்குதுறையில் எல்லோருக்கும் காட்டி, “மாமிக்குக் காதல் கடிதம் வந்திருக்கு” என்று கத்திக்கொண்டுதான் கொண்டுவந்தான். வெட்கத்தில் நான் கல்வேலிக்குப் பின்னால் போய் நின்று வாசித்தேன். உங்கள் எழுத்து இவ்வளவு வடிவானது என்று எனக்குத் தெரியாது. மாட்டுக்குக் குறிசுடுகிற கை என்றுதான் நினைத்திருந்தேன்.

கடித உறையில் உங்கள் பெயரைத் தயாபரனைக் கொண்டுதான் எழுதுவித்தேன். வாயால் ஒருநாளும் சொல்லாத பெயரை எழுதவும் கை கூசுகிறது. நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும்.

சிவலை போன கிழமை கன்று போட்டது. நாகு கன்று, நெற்றியில் வெள்ளை. உங்கள் அண்ணை ஒவ்வொரு நாளும் வெள்ளனவே வந்து பனையோலை வெட்டிப் போடுகிறார். கேட்காமலே வருகிறார், ஒன்றும் கதைக்காமல் போகிறார். முன்பு ஒரு ஓலைக்கு மூன்று தரம் கூப்பிட வேண்டிய மனிசன். நன்னீர்க் கிணற்றில் தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டது. பால் நிறைய வருகிறது. கறந்த சூட்டோடு கோயிலுக்கும் அயலுக்கும் கொடுத்துவிடுகிறேன். வீட்டில் ஒரு சொட்டும் வைப்பதில்லை. எனக்கு வெறும் தேத்தண்ணீர் போதும்.

தலைக்கு மேலே கருவி பிடிக்கிறது என்றால் என்ன? மண்டைக்குள் கரண்ட் விடுகிறதா? மின்னல் விழுந்த பனையை நீங்கள் பார்த்ததில்லையா? அந்த டொக்டர் பிள்ளைக்கு எத்தனை வயது? அனுபவம் உள்ளவவா? எல்லாவற்றையும் விசாரித்துப்போட்டுத்தான் தலையைக் கொடுக்க வேண்டும். நீங்கள் ஆர் என்ன சொன்னாலும் ஓம் என்று தலையாட்டுகிற ஆள்.

நான் வரத்தான் இருந்தேன். கன்று இன்னும் சின்னது. கடலும் சரியான ஆட்டமாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யோகம்


திருநெல்வேலி.
26.02.2024

அன்புள்ள யோகத்துக்கு,

மாசி மாதக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். அது ஆடுகிறது என்று நெடுந்தீவில் பிறந்த எனக்கே எழுதுகிறீர். இருக்கட்டும், அதைப் பிறகு பேசுவோம். முதலில் நான் கண்ட அதிசயத்தைச் சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

டொக்டர் நிலாந்தினி முதலில் கேட்ட கேள்வி: “ஐயா, தலைக்குள்ள ஷெல் துண்டு, இரும்பு ஏதும் இருக்கோ?” கருவி காந்தத்தால் வேலை செய்வதாம், உள்ளே இரும்பு இருந்தால் ஆபத்தாம். நான் காலைத் தொட்டுக் காட்டினேன். “கால் பரவாயில்லை” என்றா. ஷெல்லடித்த காலத்தில் அது என் காலைப் பார்த்து வந்ததும் ஒரு நன்மைக்குத்தான் போலிருக்கிறது.

கதிரையில் சாய்த்து வைத்தார்கள். இரண்டு வளையங்களை ஒட்டி, எட்டு என்ற இலக்கத்தைப் படுக்க வைத்தது போல ஒரு சாமான். அதை என் தலையின் இடது பக்கத்தில் மெல்ல வைத்தா. டக் என்று ஒரு சத்தம், மண்டையில் விரலால் சுண்டியது போல ஒரு தட்டு. யோகம், அந்த நேரம் என் வலது கைப் பெருவிரல் துள்ளியது! நான் துள்ளச் சொல்லவில்லை. மடியில் சும்மா கிடந்த விரல். திரும்ப டக் என்றது, திரும்பத் துள்ளியது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இவ்வளவு காலம் என் பேச்சை மட்டும் கேட்ட விரல், ஒரு பெண்பிள்ளை தலைக்கு மேலே வளையம் பிடித்ததும் அவவின் பேச்சைக் கேட்கிறது.

பிறகு மூக்கு வழியாக மெல்லிய வயர் ஒன்றைத் தொண்டைவரை விட்டு, வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தித் தேடினா. நீர் இருட்டில் கைவிட்டு அலுமாரியில் சாமான் தேடுவீரே, அப்படி. ஓரிடத்தில் டக் என்றதும் என் தொண்டை உள்ளே சுருங்கியது. திரையில் ஒரு கோடு குதித்தது. “இதுதான் ஐயா உங்கட விழுங்கிற இடம்” என்றா. என் தலையில் அப்படி ஒரு இடம் இருக்கிறது, அதில் நான் சாப்பிட்ட அத்தனை சோறும் நீர் வைத்த அத்தனை குழம்பும் போன வழி எழுதியிருக்கிறது. நான் அறியாமலே இவ்வளவு நாளும் அது வேலை செய்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விழுங்குவதற்கு மூளையின் இரண்டு பக்கமும் இடம் உண்டாம். ஒரு பக்கம் பெரிய வேலைக்காரன், மற்றது கை உதவிக்கு நிற்பது. எனக்குப் பழுதானது பெரியவன். உதவிக்கு நின்றதை ஒவ்வொரு நாளும் தட்டித் தட்டி எழுப்பினால், அது முழு வேலையையும் பழகி எடுக்கக்கூடுமாம். அதைக் கேட்டபோது உம்மைத்தான் நினைத்தேன். நான் விழுந்த பிறகு பட்டி மாட்டை எல்லாம் நீர் ஒருவராகத்தானே கட்டி அவிழ்க்கிறீர். ஆனால் டொக்டர் ஒன்றை ஒளிக்காமல் சொன்னா: “இது இன்னும் ஆராய்ச்சியில இருக்கிற வைத்தியம் ஐயா. சரிவரும் எண்டு சத்தியம் பண்ண ஏலாது. நீங்களும் சேர்ந்து பயிற்சி செய்யவேணும்.” ஓம் என்று தலையாட்டினேன். நீர் சொன்ன மாதிரித்தான்.

இனி அந்த விஷயம். அன்று நான் பட்டியடியில் விழுந்து, என்னைத் தூக்கிவந்து நடுவீட்டில் கிடத்தியதிலிருந்து எல்லாம் எனக்குத் தெரியும். கண் திறக்க முடியவில்லை, அவ்வளவுதான். “இனிச் சரிவராது, பாலைப் பருக்குங்கோ” என்று அண்ணை சொன்னது கேட்டது. ஒவ்வொருவராக வந்து ஊற்றினார்கள். கடைசியாக நீர் வந்தீர். உமது காப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா? மற்றவர்கள் கைவிட்டால் விடட்டும், யோகமுமா கைவிடுகிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. எழுதாமல் விட்டால் அதுவும் தொண்டையில்தான் நிற்கும், அதனால் எழுதிவிட்டேன்.

குழந்தைவேலு


நெடுந்தீவு மேற்கு.
01.03.2024

யசோதராவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தின் முதல் பாதியைத் தயாபரனுக்கும் உங்கள் அண்ணைக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அண்ணை தன் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றப் பாதியைத் தனியே வாசித்தேன். வாசித்துவிட்டு உங்களோடு சரியான கோபம்.

கைவிட்டேன் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? எல்லோரும் பருக்கி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் மாட்டேன் என்று சுவரோடு நின்றேன். உங்கள் அண்ணைதான், “பெண்சாதி கையால ஒரு சொட்டு இல்லாமலோ அவன் போறது?” என்று கேட்டார். அதற்கு நான் என்ன சொல்ல? ஆர் ஆரோ தந்தது உங்களோடு போக, நான் தந்தது மட்டும் இல்லாமல் நீங்கள் போவதா? அந்த ஒரு எண்ணத்தில்தான் கரண்டியை எடுத்தேன். உங்களை அனுப்ப அல்ல, உங்களோடு என்னுடையதும் வரட்டும் என்று.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியாது. மற்றவர்கள் ஊற்றியதெல்லாம் கடைவாயால் வழிந்துவிட்டது. என் கரண்டிக்குத்தான் நீங்கள் இருமினீர்கள். முகம் நீலம் பாரித்து, உடம்பு தூக்கிப் போட்டு, அப்படி ஒரு இருமல். “உயிர் கிடக்கு, ஆஸ்பத்திரிக்கு ஏத்த ட்ரக்டரைக் கொண்டு வாங்கோ!” என்று நான் போட்ட சத்தம் நாலு வளவுக்குக் கேட்டதாம். அப்போது சந்தோசப்பட்டேன். வார்ட்டில் டொக்டர் கேட்டபோதுதான், நெஞ்சுக்குள் போனது என் கரண்டிப் பால் என்று விளங்கியது. ‘நான்தான்’ என்று சொல்ல வாய் வரவில்லை. உங்கள் நெஞ்சு கர் கர் என்று இழுப்பதைக் கேட்டுக்கொண்டு அங்கே நிற்கவும் ஏலவில்லை. வந்துவிட்டேன். மாடு, கன்று, கடல் எல்லாம் சாட்டுத்தான்.

இப்போது பாலைக் கண்டால் எனக்குக் குமட்டுகிறது. ஒரு கோப்பையோடு உங்கள் முன்னால் வந்து நிற்க என்னால் ஏலாது. கை நடுங்கும். நீங்கள் விழுங்குகிற நாள் வந்தால் மகளை ஒரு சொல் எழுதச் சொல்லுங்கள், அது போதும்.

நேற்றுப் பின்னேரம் சிவலை அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தது. கழுத்துக்குள்ளால் ஒரு உருண்டை மேலே ஏறி வருகிறது. அரைத்து முடித்ததும் அதே வழியால் இறங்கிப் போகிறது. பிறகு இன்னொன்று வருகிறது. சின்ன வயதிலிருந்து மாட்டோடு மாரடிக்கிறேன், இதை ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை. கைவேலையைப் போட்டுவிட்டு இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் அப்படி ஒன்று இறங்க வேண்டும் என்று கோயிலில் கேட்பதை அன்று மாட்டிடம் கேட்டேன்.

யோகம்


திருநெல்வேலி.
15.03.2024

என் அன்புள்ள யோகத்துக்கு,

நான் இருமியது எனக்குத் தெரியாது. காப்புச் சத்தம் வரைக்கும்தான் நினைவு இருக்கிறது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. உமது கடிதத்தை வாசித்தபோது கோபம் எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது. அத்தனை பேர் பருக்கியபோது பேசாமல் கிடந்தவன் உமது கரண்டிக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு ட்ரக்டரைக் கூப்பிட்டதும் நீர். இனி நான் என்ன முகத்தோடு கோபிக்க?

இங்கே நடந்ததைக் கேளும். முதல் கிழமை ஒன்றும் நடக்கவில்லை. தலையில் டக் டக் என்று தட்டுவார்கள், பிறகு பயிற்சிக்கார மிஸ் விழுங்கு விழுங்கு என்பா, என் தொண்டை கல்லாகக் கிடக்கும். வெறுத்துப்போய் ஒருநாள் போகமாட்டேன் என்று படுத்துவிட்டேன். யசோதரா உம்மைப் போலவே பேசி இழுத்துக்கொண்டு போனாள். இரண்டாம் கிழமையில் ஒரு காலை, பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தபோது பேணியைத் தேடினேன். தேடிக்கொண்டிருக்கும்போதே வாய் வெறுமையாக இருப்பது தெரிந்தது. எச்சில் தானாக இறங்கியிருந்தது! நான் விழுங்கியதை நானே காணவில்லை. பேணியைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு நடந்தேன். மகள் பேணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நின்ற இடத்திலேயே குந்தியிருந்து அழுதாள்.

பிறகு எக்ஸ்ரேயில் படம் பார்த்தார்கள். வெள்ளை மா கலந்த தடிப்பான ஒன்றை நுனிக் கரண்டியில் தந்தார்கள். திரையில் என் எலும்பும் தொண்டையும் அசைகின்றன. தொண்டையில் இரண்டு வழி இருக்கிறது, ஒன்று மூச்சுக்கு, ஒன்று சாப்பாட்டுக்கு. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் படலை மாதிரி. விழுங்கும்போது மூச்சின் படலை தானாக மூடுகிறது, மற்றது திறக்கிறது, சாப்பாடு இறங்குகிறது, பழையபடி மூச்சு. கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இதை யாரும் நமக்குப் பழக்கவில்லை யோகம். பிறந்த அன்றே தெரிந்துகொண்டு வந்திருக்கிறோம். நான் அந்தத் திரையைக் கும்பிட்டேன். டொக்டர் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அவவிடம் உமது பாலைப் பற்றியும் கேட்டேன். “வாயால குடுத்தது பிழைதான் ஐயா. இனி ஆருக்கும் அப்பிடிச் செய்யவேண்டாமெண்டு ஊரில சொல்லுங்கோ. ஆனா அந்த நேரம் உங்கட எச்சிலும் நெஞ்சுக்குள்ளதான் போய்க்கொண்டிருந்தது. பால் பருக்காம விட்டிருந்தாலும் காய்ச்சல் வந்திருக்கலாம். அம்மாவை அதையே நினைச்சுக்கொண்டிருக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ” என்றா. சொல்லிவிட்டேன்.

வருகிற வியாழக்கிழமை முதன்முதலாக வாயால் சாப்பாடு தந்து பார்க்கப் போகிறார்கள். அது ஒழுங்காக இறங்கினால் வயிற்றுக் குழாய்ப் பேச்சை விட்டுவிடலாமாம். என்ன வேண்டும் என்று கேட்டார்கள். பால் என்றேன். தண்ணியாகத் தர மாட்டார்களாம், மா கலந்து தடிப்பாக்கித்தான். சிவலையின் பால் வேண்டும், உமது கையால் வேண்டும், வேறு ஆர் தந்தாலும் வாய் திறக்க மாட்டேன் என்று டொக்டரிடம் சொல்லிவிட்டேன். கை நடுங்கினால் நடுங்கட்டும். என் இடது கையும் நடுங்குகிறது, சோடியாக இருக்கும்.

அன்று நீர் தந்ததை நான் எடுத்துக்கொள்ளவில்லை. வந்து திரும்பத் தாரும்.

உமது,
குழந்தைவேலு


நெடுந்தீவு மேற்கு.
23.03.2024

அன்புள்ள உங்களுக்கு,

நேற்றுப் பின்னேரப் படகில் சுகமாக வந்து சேர்ந்தேன். கன்று என்னைக் கண்டு கயிற்றை அறுக்கப் பார்த்தது. உங்கள் அண்ணை நான் சொன்னதை எல்லாம் இரண்டு தரம் கேட்டார். பிறகு துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இனி இந்த ஊரில ஆருக்கும் நான் அப்பிடிச் சொல்லமாட்டன்” என்றார். பாவம், நீங்கள் அவரோடு கோபிக்க வேண்டாம்.

வியாழக்கிழமை உங்கள் பக்கத்திலேயே நான் நின்றாலும், நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. உங்கள் தொண்டை உங்கள் கண்ணுக்குத் தெரியாதுதானே. அதனால் எழுதுகிறேன்.

கரண்டியை எடுத்தபோது எனக்கு அன்றைய நடுவீடுதான் கண்ணுக்குள் வந்தது. ஓடிவிடலாம் போலிருந்தது. டொக்டர் பிள்ளை என் இடது கையைப் பிடித்து, விரல்களை உங்கள் தொண்டையில் வைத்தா. “அம்மா, பயப்படாதேங்கோ. விழுங்கினா இது மேல எழும்பும். எழும்பி இறங்கினாப் பிறகுதான் அடுத்த கரண்டி” என்றா. நீங்கள் நாடியை நெஞ்சுப் பக்கம் தாழ்த்திக்கொண்டு கோயிலில் திருநீறு வாங்குகிறவர் மாதிரி வாயைத் திறந்தீர்கள். நான் வைத்தேன். வாயை மூடினீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. என் விரலுக்குக் கீழே ஒரு அசைவும் இல்லை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் உங்களைப் பார்த்தேன். இருமல் வரப்போகிறது என்று எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது.

பிறகு அது எழும்பியது. சினைமாட்டின் வயிற்றில் கை வைக்கும்போது உள்ளே கன்று திரும்புமே, அப்படி. என் விரலைத் தள்ளிக்கொண்டு மேலே எழும்பி, கொஞ்சம் நின்று, இறங்கியது. நான் மூச்சு விடவில்லை. நீங்கள் இருமவில்லை. குரல் தெளிவாக வருகிறதா என்று பார்க்க, “ஐயா, ஆ எண்டு சொல்லுங்கோ” என்றா டொக்டர். நீங்கள் “யோகம்” என்றீர்கள். கொப்பளிப்பு இல்லை, கரகரப்பு இல்லை. பட்டியடியில் நின்று தேத்தண்ணீர் கேட்கிற அதே குரல்.

அந்த இடத்தில் நான் அழுததை மகள் எல்லோருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லட்டும். அந்தப் பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மின்னல் விழுந்த பனை என்று எழுதியதற்கு மனதுக்குள் மன்னிப்பும் கேட்டேன். கருவி பாதி, உங்கள் உடம்பு பாதி, எது எவ்வளவு என்று தனக்கும் தெரியாது என்றா. எனக்குத் தெரிய வேண்டியதில்லை. என் விரலுக்குத் தெரிந்தது போதும்.

மூக்குக் குழாய் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும் என்றார்கள். அதற்காகப் பிடிவாதம் பிடித்து மகளை வருத்த வேண்டாம். தடிப்பாக்காமல் ஒரு சொட்டுத் தண்ணீரும் களவாகக் குடிக்க வேண்டாம், உங்களை எனக்குத் தெரியும். அண்ணை மாடு பார்க்கிறேன் என்கிறார், திங்கட்கிழமை திரும்ப வருகிறேன். இனிக் கடல் ஆடினாலும் வருவேன். போனில் உங்கள் குரல் விளங்கும்தான், ஆனாலும் இடைக்கிடை எழுதுங்கள். கடிதத்தில் நீங்கள் நல்லாய்க் கதைக்கிறீர்கள்.

உறையைப் பார்த்தீர்களா? பெயர் கோணலாக இருந்தால் குறை சொல்ல வேண்டாம். முதல்முறை எழுதுகிற கை.

இன்று காலை சிவலையைக் கறந்து, ஆருக்கும் கொடுக்க முதல், எனக்கு ஒரு பால் தேத்தண்ணீர் போட்டேன். நீங்கள் விழுந்த நாளுக்குப் பிறகு இதுதான் முதல். குமட்டவில்லை. ஒரு வாய் எடுத்துவிட்டு, உடனே விழுங்காமல், உங்களுக்கு வைத்தது போல என் தொண்டையில் விரலை வைத்தேன். அது எழும்பி இறங்கியது. தேத்தண்ணீர் ஆறும்வரை ஒவ்வொரு வாயையும் அப்படியே தொட்டுத் தொட்டுக் குடித்தேன்.

உங்கள்,
யோகம்